மூன்று கப் கோஸ்டிக்

கொழும்பு ஜம்பட்டா வீதியிலிருந்து உள்ளே போகிற அந்த ஒழுங்கையில் கொன்ஸ்ரன்சை ‘சோப் காய்ச்சுற மிஸ்’ என்பார்கள். அவளுக்கு அந்தப் பெயரில் பாதி பிடிக்கும், பாதி பிடிக்காது. முப்பத்தொரு வருஷம் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் தட்டச்சு செய்தவள், மிஸ் என்றால் சரிதான். ஆனால் அவள் எதையும் காய்ச்சுவதில்லை. அடுப்பையே பற்றவைக்காமல் செய்கிற சோப் அது. எண்ணெய்களை ஒரு பக்கம் நிறுத்து வைத்து, காரத்தை இன்னொரு பக்கம் தண்ணீரில் கரைத்து ஆறவிட்டு, இரண்டையும் சேர்த்து அடித்தால், தன் சூட்டிலேயே தான் இறுகிச் சோப்பாகிவிடும். இதை ஒழுங்கையில் எத்தனையோ பேருக்கு அவள் நின்று விளக்கியிருக்கிறாள். கேட்டு முடித்து, “அப்ப, மிஸ், அடுத்தது எப்ப காய்ச்சுறீங்கள்?” என்பார்கள். உலகத்தைத் திருத்த முடியாது என்று அவள் விட்டுவிட்டாள்.

நாட்டில் எல்லாவற்றுக்கும் வரிசை நின்ற வருஷத்தில் தொடங்கிய வேலை இது. காஸுக்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை, கடைசியில் ஒரு சாதாரண சோப்கூட ஆனை விலை. அந்த வருஷம்தான் கொன்ஸ்ரன்ஸ் ஓய்வுபெற்று வீட்டில் இருந்தாள். வத்தளையில் கட்டிக்கொடுத்த மகள் ரொஷேல் ஒரு பழைய ஃபோனைக் கொடுத்துவிட்டுப் போனாள். அதில் ஒரு வீடியோ, அதற்கடுத்து இன்னொரு வீடியோ என்று பார்த்துப் பார்த்துப் பிடித்த பைத்தியம். முதல் முறை செய்தது ஆறிய கஞ்சிபோல் மூன்று நாள் இறுகாமலே கிடந்தது. இரண்டாம் முறை மேலே எண்ணெய் மிதந்தது. மூன்றாம் முறை சோப் வந்தது. அச்சுக்குப் பதிலாக வார்த்துவைத்த பால் பெட்டியைக் கிழித்து, உள்ளே இருந்த கட்டியைக் கையில் எடுத்தபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பத்தொரு வருஷம் மற்றவர்களுடைய வழக்குகளைத் தட்டியவள், முதல் தடவையாகத் தனக்கென்று ஒரு பொருளைச் செய்திருக்கிறாள்.

அவளுடைய கணக்கு எப்போதும் ஒன்றுதான். தேங்காயெண்ணெய் ஐந்நூறு கிராம், நல்லெண்ணெய் நானூறு, ஆமணக்கெண்ணெய் நூறு. தேங்காயெண்ணெய் நுரைக்கும் கட்டிக்கும், நல்லெண்ணெய் தோலுக்கு, ஆமணக்கெண்ணெய் அந்த நுரை உடனே ஓடிப்போகாமல் இருக்க. இந்த ஒரு கிலோவுக்கு நூற்றைம்பது கிராம் கோஸ்டிக் சோடா என்கிற காரம், அதைக் கரைக்க முந்நூறு கிராம் தண்ணீர். ஒவ்வொரு எண்ணெயும் தனக்கென்று ஓர் அளவு காரத்தைக் கேட்கும். குறைத்துப் போட்டால் சோப் வழுவழுக்கும், கூட்டிப் போட்டால் மிஞ்சின காரம் சோப்புக்குள் ஒளிந்திருந்து ஆளைக் கடிக்கும். எண்ணெயில் ஒரு கரண்டி கூடினாலும் ஒன்றுமில்லை, காரத்தில் கைதவறக் கூடாது. சோப் செய்கிறவர்களுடைய முழுப் பயமும் அந்த ஒரு வெள்ளைத் தூளில்தான் இருக்கிறது.

அந்த வெள்ளைத் தூள் கொன்ஸ்ரன்சின் பொறுப்பில் இருக்கவில்லை. அது அவளுடைய கணவர் யேசுரட்ணத்தின் பொறுப்பு.

யேசுரட்ணம் முப்பத்துநான்கு வருஷம் கொழும்புத் துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்குகிற சரக்கை எண்ணி எண்ணிக் கோடு போடுகிற உத்தியோகம். நாலு நேர்க்கோடு, அஞ்சாவதுக்கு ஒரு குறுக்குக்கோடு. அவருடைய இளம் வயதில் ஒருநாள் கோஸ்டிக் பீப்பா ஒன்று உடைந்து, கொட்டினதைக் கழுவப்போன சூசைதாசன் என்ற தொழிலாளி அதன்மேல் தண்ணீரை ஊற்றினான். தூள் பொங்கி அவனுடைய முழங்கைவரை தோலை உரித்துவிட்டது. ஆகவே கொன்ஸ்ரன்ஸ் முதல் தடவை கோஸ்டிக் டின்னை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே யேசுரட்ணம் அதை அவளுடைய கையிலிருந்து வாங்கிவிட்டார்.

“இதில நீர் கை வைக்கக் கூடாது. எண்ணெய் உம்மட பக்கம், கோஸ்டிக் என்ர பக்கம். தண்ணிக்குள்ளதான் கோஸ்டிக்கைப் போடவேணும், கோஸ்டிக்குக்கு மேல தண்ணி ஊத்தக் கூடாது. விளங்கிச்சோ?”

“நான்தானே அப்பா வீடியோ பார்த்தனான்.”

“வீடியோவில சூசைதாசன்ர கையைக் காட்டினவங்களோ?”

அத்துடன் அந்த வழக்கு முடிந்தது. பல்கனியின் ஒரு மூலை அவருக்கு ஒதுக்கப்பட்டது. வெயில் பதினொரு மணிக்குப் பிறகுதான் அங்கிருந்து விலகும் என்பதால் பதினொன்றரைக்கு வேலை தொடங்கும். ரப்பர் கையுறை, கண்ணுக்குப் பெரிய கண்ணாடி, பக்கத்தில் ஒரு வாளி பச்சைத்தண்ணீர். ஒரு யோகட் கப்பைத் தராசில் வைத்து, கரண்டியால் தூளை அள்ளி அள்ளி ஐம்பது கிராம் வரவைத்து, தண்ணீருக்குள் மெல்லச் சரிப்பார். “ஒண்டு.” ஆவி எழும்பும். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு கிண்டுவார். தண்ணீர் கலங்கித் தெளிந்தபிறகு அடுத்த கப். “ரெண்டு.” பிறகு “மூண்டு.” மூன்று கப் என்றால் நூற்றைம்பது. தாய்க்கப்பலில் இருந்து மூட்டை இறக்குகிறவர்போல அவ்வளவு பவ்வியம். இடையில் பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடித்தால், எந்தக் கப் கையில் இருந்தாலும் கீழே வைத்துவிட்டு, கையுறையைக் கழற்றி, சிலுவை போட்டு, திரிகாலச் செபத்தை முழுதாகச் சொல்லி முடித்த பிறகுதான் மறுபடி கையுறை மாட்டுவார். அவருடைய தகப்பன் பழக்கிவிட்ட பழக்கம் அது. கிரேனில் மூட்டை தொங்கிக்கொண்டு நின்றபோதுகூட மனிசன் செபித்தவர் என்று துறைமுகத்தில் அவரைப் பகிடி பண்ணுவார்களாம்.

காரம் கைச்சூட்டுக்கு ஆறியதும் கொன்ஸ்ரன்ஸ் தன் எண்ணெய்ச் சட்டியுடன் வருவாள். கொழும்புச் சூட்டில் எண்ணெயைத் தனியாக இளக்க வேண்டிய தேவை இல்லை. காரத்தை ஊற்றி, பிளெண்டரால் அடித்து, கஸ்டர்ட் பதம் வந்ததும் பால் பெட்டிகளுக்குள் வார்த்து, பழைய துவாயால் போர்த்திவிடுவாள். அடுத்தநாள் வெட்டிப் பலகையில் அடுக்கினால் நாற்பது நாள் காயவேண்டும். அதற்கு அவள் வைத்த பெயர் தபசுகாலம். வருஷாவருஷம் தபசுகால நோன்பு தொடங்குகிற திருநீற்றுப் புதன் அன்று ஒரு பெட்டி வார்ப்பாள். அது உயிர்த்த ஞாயிறுக்குச் சரியாக முடிந்து சொந்தக்காரரிடம் போகும்.

தொடக்கத்தில் ஒவ்வொரு பெட்டியையும் அவள் நாக்கில் வைத்துப் பார்ப்பாள். ஈர விரலைச் சோப்பில் தேய்த்து நாக்கு நுனியில் தொடுவது. காரம் மிஞ்சியிருந்தால் டோர்ச் பெற்றறியை நக்கியதுபோல் சுரீர் என்று இழுக்கும். மூன்று வருஷத்தில் ஒருதரம்கூட இழுக்கவில்லை. யேசுரட்ணம் நிறுத்தது என்றால் அதற்கு மேல் என்ன சோதனை? எப்போது அந்தப் பழக்கத்தை விட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

இந்த வருஷம் தைப்பொங்கலுக்கு அடுத்தநாள் வெள்ளவத்தையிலிருந்து சரோஜினிதேவி ரீச்சரின் அழைப்பு வந்தது. படிப்பித்து ஓய்ந்த மனிசி, நாளுக்குப் பத்துத் தடவை கை கழுவுகிற யாழ்ப்பாணத்துச் சுத்தக்காரி. கடைச் சோப் எதுவும் ஒத்துவராமல் மூன்று வருஷமாகக் கொன்ஸ்ரன்சின் சோப்பைத் தவிர வேறு தொடாதவர்.

“கோவிக்காதேங்கோ கொன்ஸ்ரன்ஸ். இந்தமுறை உங்கட சோப் என்ர கையைத் தின்னுது.”

கொன்ஸ்ரன்ஸ் அன்றே பஸ் ஏறினாள். ரீச்சரின் இரண்டு உள்ளங்கையும் கொதிதண்ணீர் பட்டதுபோல் சிவந்து, விரல் இடுக்குகளில் தோல் வெடித்திருந்தது. ரீச்சர் சத்தம் போடவில்லை. தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, “எனக்கு ரெண்டு கிழமையில மாறிப்போகும். ஆரும் பச்சைக் குழந்தைக்குப் போட்டிருந்தால்?” என்று மட்டும் கேட்டார். கொன்ஸ்ரன்ஸ் தேத்தண்ணியைக் கீழே வைத்தாள். ரொஷேலின் குழந்தைக்கென்று அதே பெட்டியிலிருந்து இரண்டு கட்டி வத்தளைக்குப் போயிருந்தது. அங்கிருந்தே ஃபோன் எடுத்தாள். நல்லகாலம், ரொஷேல் இன்னும் பிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, மிஞ்சிக் கிடந்த கட்டியில் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்தாள். இழுத்த இழுப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது.

ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். கொன்ஸ்ரன்சும் முதலில் மேடையைத்தான் பார்த்தாள். எண்ணெய்க்காரன் பாம் ஒயில் கலந்திருப்பான் என்றாள். புது எண்ணெய் வாங்கினாள். பிறகு தராசைச் சந்தேகித்தாள். அதைத் தூக்கிக்கொண்டு முனைக்கடைக்குப் போனாள். கடைக்காரர் தன்னுடைய நூறு கிராம் படிக்கல்லை அதன்மேல் வைத்தார். நூறு என்று காட்டியது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். நூறு. “தராதிய ஹொந்தய், நோனா,” என்று சிரித்தபடி திருப்பித் தந்தார். தராசு நல்லது என்று கேட்டு ஒருத்தி கவலைப்பட்டதை அந்த மனிதர் அன்றுதான் கண்டிருப்பார்.

யேசுரட்ணத்திடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பெட்டி வார்க்கிற அன்று, எண்ணெயை நிறுத்துவிட்டு, குசினி ஜன்னலருகில் வெங்காயம் உரிக்கிற சாட்டில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையுறை சரி. கண்ணாடி சரி. தண்ணீருக்குள்தான் தூளைப் போட்டார். “ஒண்டு.” கிண்டினார். “ரெண்டு.” கிண்டினார். கோயில் மணி அடித்தது. கப்பை வைத்தார், கையுறையைக் கழற்றினார், கண்ணை மூடிச் செபித்தார். மூன்று அருள்நிறை மரியாயேயும் ஒரு சொல் பிசகாமல் வந்தன. ஆமென் சொல்லி, கையுறை மாட்டி, வெறும் கப்பைக் கையில் எடுத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தராசில் வைத்து ஐம்பது கிராம் நிறுத்து, தண்ணீரில் சரித்தார்.

“ஒண்டு.”

கொன்ஸ்ரன்சின் கையிலிருந்த வெங்காயம் நழுவி விழுந்தது. நாற்பது வருஷத்தில் அந்த மனிதர் வாயால் எத்தனையோ கேட்டிருக்கிறாள், கோபத்தில் சொன்னதும் உண்டு. எதுவும் அந்த ஒற்றைச் சொல்லைப்போல் அவளைக் குத்தினதில்லை. ரீச்சரின் கை எப்படி வெந்தது என்று இப்போது தெரிந்துவிட்டது. மணிக்கு முன் ஒன்றோ இரண்டோ, மணிக்குப் பின் மறுபடி மூன்று, அப்படி நாலோ ஐந்தோ கப் விழுந்திருக்கிறது.

“இஞ்சாருங்கோ, எண்ணெயில எறும்பு விழுந்திட்டுது. இண்டைக்கு விடுவம்,” என்று சத்தம் போட்டுக்கொண்டு ஓடினாள். அவர் நம்பினார். கரைத்த காரத்தை நிறையத் தண்ணீருடன் குளியலறைக் குழாயில் ஊற்றினார்கள். நாலுநாளாக அடைத்துக் கிடந்த குழாய் சுத்தமானதுதான் மிச்சம்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். கொன்ஸ்ரன்ஸ் கெட்டிக்காரிதான், ஆனாலும் எட்டு நாள் தாண்டவில்லை. மணியில்தான் பிழை என்று தனக்குத்தானே சொல்லி, வெயில் கண்ணைக் குத்தினாலும் பரவாயில்லை என்று வேலையைக் காலை ஒன்பதுக்கு மாற்றினாள். முதல் முறை மூன்று கப்பும் சரியாக விழுந்தது. இரண்டாம் முறை கீழே மீன்காரனின் ஹோர்ன் கேட்டது. யேசுரட்ணம் பல்கனியால் எட்டி, சூரை இருக்கோ என்று கேட்டார். திரும்பிவந்து கப்பை எடுத்தார். “ஒண்டு” என்றார். பாவம், மணிமேல் ஒரு குற்றமும் இல்லை.

விஷயத்தைக் கேட்ட ரொஷேல், அதே பின்னேரம் குழந்தையையும் தூக்கிக்கொண்டு வத்தளையிலிருந்து வந்தாள். தகப்பன் குழந்தையுடன் பல்கனியில் காகம் காட்டிக்கொண்டிருக்க, குசினிக்குள் தாயும் மகளும் குசுகுசுத்தார்கள்.

“அம்மா, அப்பாவை இனிக் கோஸ்டிக்கைத் தொடவிடாதீங்க. முதல்ல ஒரு டொக்டரிட்டக் காட்டுவம்.”

“அதை எப்படிப் பிள்ளை அவரிட்டச் சொல்லுறது? பென்ஷன் எடுத்த பிறகு அந்த மனிசனுக்கெண்டு இந்த வீட்டில இருக்கிற ஒரே உத்தியோகம் அதுதான்.”

“கண்ணில தெறிச்சா?”

ரொஷேல் சொன்னது பிழையில்லை. பிழையில்லை என்பதுதான் தாய்க்குக் கோபத்தை வரவைத்தது. கோஸ்டிக்கைக் கையிலிருந்து எடுத்தால் மனிசன் உடைந்துபோவார். எடுக்காவிட்டால் யாராவது ஒருவருடைய தோல் போகும், ஒருவேளை அவருடைய கண்ணே போகும். இரண்டு பக்கத்தையும் நிறுத்து நிறுத்துப் பார்த்தாள், தராசு எந்தப் பக்கமும் சாயவில்லை. கடைசியில் பயம்தான் வென்றது. அன்றிரவே கோஸ்டிக் டின்னைத் துணியில் சுற்றி அரிசி வாளிக்குப் பின்னால் ஒளித்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

இரண்டு கிழமை சோப் வேலை இல்லை. யேசுரட்ணம் ஒன்றும் கேட்கவில்லை. பதினொன்றரை ஆனதும் பல்கனி மூலையில் கதிரையைப் போட்டு இருப்பார். ஒருநாள் வாளியில் தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டு இருந்தார். அதைப் பார்க்க முடியாமல் அவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் கத்தியிருந்தால், ஏன் என்று சண்டை பிடித்திருந்தால், அவளுக்கு லேசாக இருந்திருக்கும்.

திருநீற்றுப் புதன் வந்தது. காலைப் பூசைக்குப் போய் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு இருவரும் வீடு வந்தார்கள். கொன்ஸ்ரன்ஸ் உடுப்பு மாற்றிவிட்டு வெளியே வந்தபோது யேசுரட்ணம் கையுறையுடன் குசினி வாசலில் நின்றார்.

“கோஸ்டிக்கை எங்க வச்சிருக்கிறீர்?”

அவள் வாயைத் திறந்தாள். முடிந்துபோச்சு, வாங்கவேணும் என்று ஒரு பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

“நான் பிழை விட்டனானோ, கொன்ஸி?”

நெற்றியில் சாம்பலோடு பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. “ஓம்” என்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். ரீச்சரின் கை, குழந்தைக்குப் போன கட்டி, படிக்கல், எறும்பு விழுந்தது என்ற பொய், மணிக்குப் பிறகு அவர் சொன்ன ஒண்டு. அவர் கேட்டு முடித்து, கையுறைகளைக் கழற்றி, ஒன்றின்மேல் ஒன்றாக மேசையில் வைத்தார்.

“அப்ப சரி. இனி நீர் செய்யும்.”

இந்த வார்த்தைக்காகத்தான் அவள் மூன்று கிழமையாகத் தவம் கிடந்தாள். வந்த பிறகோ அதைத் தாங்க முடியவில்லை. அவர் திரும்பிப் பல்கனிப் பக்கம் நடந்தார். நடக்கிற அந்த முதுகைப் பார்த்தபோது அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவர்மேல் இல்லை, ரொஷேல்மேலும் இல்லை. யார்மேல் என்று தெரியாத ஆத்திரம். அந்த ஆத்திரத்தில்தான் அந்தக் கேள்வி வாயில் வந்தது.

“நில்லுங்கோ. துறைமுகத்தில உங்களைத் தனிய எண்ண விட்டவையோ?”

“என்ன?”

“சரக்கு இறங்கேக்க நீங்கள் ஒராள்தான் எண்ணினனீங்களோ எண்டு கேக்கிறன்.”

“அதெப்பிடி? நான் கரைப் பக்கம். கப்பல் பக்கம் இன்னொரு கிளார்க் நிப்பான். ரெண்டுபேரும் தனித்தனியக் கோடு போடுறது. கடைசியா ரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்கிறது.” இந்தக் கதையை அவர் அவளுக்குக் குறைந்தது ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். ஆயிரம் தடவையும் அவள் காதில் வாங்காமல் உம் கொட்டியிருப்பாள்.

“கப்பல் பக்கம் ஒருத்தன் நிண்டு எண்ணுறான் எண்டு நீங்கள் கோவிச்சனீங்களோ? என்னை நம்பேல்லையோ எண்டு கேட்டனீங்களோ?”

“என்ன விசர்க்கதை! ஒருத்தன் தனிய எண்ணின கணக்கில ஆர் கையெழுத்து வைப்பான்? கண் இருக்கிறவனுக்குக் கண் தப்பும்தானே.”

“அப்ப நான் கப்பல் பக்கம்,” என்றாள் கொன்ஸ்ரன்ஸ்.

யேசுரட்ணம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்கு விளங்கவில்லை என்று முதலில் நினைத்தாள். பிறகு அவருடைய வாயோரம் கொஞ்சம் கோணியது.

“என்ர காலத்தில கப்பல் பக்கம் ஒரு பொம்பிளையும் நிண்டதில்லை.”

“இப்ப நிக்கிறாள்.”

அரிசி வாளிக்குப் பின்னாலிருந்து டின் வெளியே வந்தது. ஒளித்த இடத்தைப் பார்த்ததும், “இந்த அரிசி வாளியைத்தானே ரெண்டு கிழமையாப் பாத்துக்கொண்டு இருந்தனான்” என்றார் அவர். தையல் பெட்டியிலிருந்து அவள் இரண்டு சோக்கட்டியை எடுத்தாள். ஒன்று அவருக்கு, பல்கனிச் சுவரில் எழுத. ஒன்று அவளுக்கு, பழைய வெட்டுப் பலகையில் எழுத. ஒருவர் போட்டதை மற்றவர் பார்த்து எழுதக் கூடாது என்பது கரைப்பக்கத்தின் கட்டளை. கோடு சாயக் கூடாது என்பது இன்னொரு கட்டளை. அவள் போட்ட மாதிரிக் கோட்டைப் பார்த்து, இது கோடோ புழுவோ என்று கேட்டார். புதுக்கடையில் ஒரு சட்டத்தரணிகூட அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. அவள் அதை அழித்துவிட்டு நேராகப் போட்டாள்.

பதினொன்று நாற்பது. தண்ணீர் முந்நூறு கிராம் என்று அவர் வாசிக்க, அவள் குனிந்து பார்த்துச் சரி என்றாள். முதல் கப் விழுந்தது.

“ஒண்டு, கரை,” என்று சுவரில் ஒரு கோடு.

“ஒண்டு, கப்பல்,” என்று பலகையில் ஒரு கோடு.

ஆவி எழும்பித் தணிந்தது. அவர் அவசரப்படவில்லை, அவளும் அவசரப்படுத்தவில்லை. இரண்டாவது கப்பும் விழுந்தது. இரண்டு கரை, இரண்டு கப்பல். அவர் நின்று கிண்டிக்கொண்டே இருந்தார். கோயில் மணி அடித்தது.

இருவரும் செபித்தார்கள். கொன்ஸ்ரன்ஸ் கண்ணை மூடினாளே தவிர, என்ன செபித்தாள் என்று அவளைக் கேட்டால் தெரியாது. ஆமென் முடிந்து கண்ணைத் திறந்தாள். அவர் கையுறை மாட்டினார். கப்பை எடுத்தார். அதே பார்வை, வெறும் கப்பின் அடியைத் தேடுகிற பார்வை. தூளை நிறுத்தார், ஐம்பது. கப்பைத் தண்ணீருக்கு நேரே கொண்டுபோனார்.

“ஒண்டு,” என்றார்.

அவள் ஒன்றும் சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கையிலிருந்த பலகையை மட்டும் அவர் பக்கம் திருப்பினாள். யேசுரட்ணம் பலகையைப் பார்த்தார். அதை நம்பாதவர்போல் சுவரைத் திரும்பிப் பார்த்தார். அங்கே அவருடைய சொந்தக் கையெழுத்தில், ஊசிபோல் நேராக, இரண்டு கோடுகள். கப் அந்தரத்தில் நின்றது. கீழே ஒழுங்கையில் யாரோ முச்சக்கரவண்டியைக் கிளப்பினார்கள், அது போய் மறைகிறவரை கப் அப்படியே நின்றது.

“மூண்டு, கரை,” என்றார் பிறகு.

“மூண்டு, கப்பல்.”

மூன்றாவது கப் விழுந்தது. அவர் கிண்டி முடித்து, சட்டியைக் குளிர்ந்த தண்ணீர்ப் பாத்திரத்தில் ஆற வைத்து, கையுறையைக் கழற்றினார். இரண்டு கதிரைகளைப் போட்டு இருவரும் இருந்தார்கள். காரம் ஆறும்வரைக்கும் சோப் செய்கிறவருக்கு வேறு வேலை இல்லை.

“உமக்கு எப்ப இருந்து தெரியும்?” என்று கேட்டார்.

“தை மாசத்தில இருந்து.”

“எனக்குப் போன ஆடியில இருந்து தெரியும்.” அவர் அவளைப் பார்க்காமல் சட்டியைப் பார்த்துச் சொன்னார். “ரொஷேல் வீட்டால வந்த அண்டைக்கு. பஸ்ஸால இறங்கினனான், எந்த ஒழுங்கைக்குள்ள போறது எண்டு தெரியேல்ல. பிறந்து வளர்ந்த இடம். ஒரு மணித்தியாலம் நிண்டனான். பாலத்தில டிராஃபிக் எண்டு வந்து உமக்குப் பொய் சொன்னன். சோறு ஆறிப்போச்சு எண்டு ஏசினீர்.”

அவளுக்கு அந்த நாள் ஞாபகம் இருந்தது. ஏசின ஒவ்வொரு சொல்லும் ஞாபகம் இருந்தது. “அண்டைக்கே எனக்குச் சொல்லியிருக்கலாமே, அப்பா” என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், சாம்பலும் கண்ணீரும் சேர்ந்து துணியில் ஒட்டியது.

“சொன்னால் கோஸ்டிக்கை வாங்கிப் போடுவீர் எண்டு பயந்தனான்.”

கொன்ஸ்ரன்ஸ் எட்டி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். கையுறை போட்டிருந்த உள்ளங்கை ஈரமாக, சூடாக இருந்தது. பிறகு அவர் குனிந்து சட்டியின் வெளிப்பக்கத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார்.

“ஆறிட்டுது. எண்ணெயைக் கொண்டு வாரும்.”

அவள் எழும்பினாள். குசினி வாசலுக்குப் போகுமுன் அவர் மறுபடி கூப்பிட்டார்.

“ரொஷேலுக்குச் சொல்லும், டொக்டரிட்ட வாறன் எண்டு. ஆனா நீரும் உள்ளுக்கு வரவேணும்.”

“நான் உள்ளுக்கு என்னத்துக்கு?”

“அவர் என்னட்டக் கேள்வி கேப்பார்தானே,” என்றார் யேசுரட்ணம். “கப்பல் பக்கம் ஒராள் வேணும்.”